"வெயில் தாங்கலை" என்றால் எந்த வெயில்?

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கே வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை பிறந்துவிட்டால், அதுவும் கத்திரி தொடங்கிவிட்டால், ரத்தம் எடுக்கும்போது காதில் விழுகிற பேச்சு ஒன்றுதான்: "வெயில் தாங்கலைம்மா." கடலூரில் யாருக்குத்தான் தாங்குகிறது என்று நானும் பல வருடம் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேறு தொந்தரவுகள் இருக்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

நம் பேச்சில் வெயில் என்றால் வெளிச்சமும் அதுதான், சூடும் அதுதான். உடம்புக்கு அப்படியில்லை. சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது வெளிச்சம். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் தடிக்கும், சிவக்கும், அரிக்கும். வேறு சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது சூடு. அவர்கள் தோலில் ஒன்றும் இருக்காது. ஆனால் ராத்திரி மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் வியர்வை ஊற்றும், நெஞ்சு படபடக்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், கை நீட்டினால் விரல் நடுங்கும். முதலாவது தோல் சம்பந்தப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் தைராய்டு கூடுதலாகச் சுரப்பது.

பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மார்கழி மாதக் காலையில், குளுகுளுவென்று காற்றடிக்கும்போது சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன ஆகிறது? சூடு ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த நேரம் சுகமாக இருக்கும். வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவருக்கு சாயங்காலமோ மறுநாளோ தோல் சொல்லிவிடும். மெல்லிய மேகம் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. காய்ந்த மணலும் நுரைத்த அலையும் அதைத் திருப்பியடிக்கும். அப்புறம் தோலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒளியால் வரும் தடிப்பு, ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும். கழுத்தின் முன்பக்கம், பிடரி, முன்கை எல்லாம் தடித்திருக்க, மோவாய்க்கு அடியில் நிழல் விழுகிற இடமும் வாட்ச் கட்டுகிற இடமும் தப்பித்திருக்கும்.

சரி, தோல் ஒரு பக்கம், தைராய்டு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. பிறகு எதற்கு இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்? தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை இருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கன்னத்துலதானே பிரச்சினை, கழுத்துக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்வி.

தைராய்டு கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி, சுமார் 20 கிராம் எடை. சாப்பாட்டில் வரும் அயோடினை எடுத்து டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. பெயரில் உள்ள எண், எத்தனை அயோடின் அணு ஒட்டியிருக்கிறது என்பதுதான். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இந்த இரண்டும்தான் நிர்ணயிக்கின்றன. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடல் அசைவு, முடி வளர்வது, தோலில் ஈரம் நிற்பது எல்லாம் இதில் அடக்கம்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. மாடியில் இருக்கும் பிள்ளையைக் கீழேயிருந்து அம்மா கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உடனே "வரேன்" என்றால் குரல் மெல்லியதாகவே இருக்கும். பதில் இல்லையென்றால் குரல் உயரும், அப்புறம் கத்தலாகும். டி.எஸ்.எச். என்பது அந்தக் கூப்பிடு குரல். தைராய்டு மந்தமாக வேலை செய்தால் டி.எஸ்.எச். ஏறும். தேவைக்கு மேல் சுரந்தால் இறங்கிவிடும். எண் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று பலர் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் என்பதால் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பயத்தைத் தீர்க்க வேண்டும்: கழுத்தில் வெயில் பட்டால் தைராய்டு கெட்டுப்போகாது. புற ஊதாக் கதிர் தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. தைராய்டு கெட்டதால் தோல் வெயிலுக்குத் தடிக்கிறது என்பதும் பொதுவாகச் சரியல்ல. ஒன்று மற்றதை உண்டாக்குவதில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரே கை இருக்கலாம்.

அந்தக் கை நம் எதிர்ப்பு சக்திதான். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டியது, சிலருக்குச் சொந்த உறுப்பையே அந்நியமென்று நினைத்து அடிக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. லூபஸ் என்ற நோய் இப்படிப்பட்டதுதான். வெயில் பட்டுத் தோலின் செல்கள் சிதையும்போது, உள்ளே மறைந்திருக்க வேண்டிய உட்கருப் பொருள்கள் வெளியே தெரிகின்றன. லூபஸ் உள்ளவர் ரத்தத்தில் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே காத்திருக்கும். பாய்ந்து பிடிக்கும், அந்த இடம் அழற்சியாகும். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சிவந்து, மூக்கோரத்து மடிப்பை மட்டும் விட்டுவிட்டுப் படர்கிற தடிப்பு அப்படி வருவதுதான். அதுவும் பட்டாம்பூச்சி வடிவம்.

தைராய்டைத் தாக்கும்போது இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. எதிர்ப்பு செல்கள் சுரப்பிக்குள் புகுந்து, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கும். 1912ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு நோயாளிகளின் தைராய்டை நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதினார். நான்கு பேரும் பெண்கள். அவர் பெயராலேயே இன்றும் ஹஷிமோட்டோ என்கிறோம். லூபஸிலும் அப்படித்தான், பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். எதிர்ப்பு சக்தி ஓரிடத்தில் தடம் மாறியவருக்கு இன்னோரிடத்திலும் மாற வாய்ப்பு கூடுதல். ஆகவேதான் லூபஸ் உள்ளவர்களிடம் தைராய்டு குறைவு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது.

வெண்புள்ளியும் இந்தக் குடும்பம்தான். (வெண்குஷ்டம் என்று இன்னும் சொல்கிறவர்கள் தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அது குஷ்டம் அல்ல, தொட்டால் ஒட்டாது.) நிறமி இல்லாத அந்தத் தோல் கொஞ்ச வெயிலிலேயே கருகிச் சிவக்கும். தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. எங்களிடம் வருகிற வெண்புள்ளிச் சீட்டுகளில் பெரும்பாலும் டி.எஸ்.எச்.சும் சேர்ந்தே எழுதியிருக்கும்.

வெயிலுக்குத் தடிக்கிற எல்லாமே இந்தக் கணக்கில் வராது. 'வெயில் அலர்ஜி' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது பி.எம்.எல்.இ. என்ற தொந்தரவு. முன்கையிலும் பிடரியிலும் குண்டூசித் தலை அளவு பொரிப்பொரியாக வந்து அரிக்கும், வெயிலைத் தவிர்த்தால் சில நாளில் அடங்கும். அதற்கும் தைராய்டுக்கும் உள்ள தொடர்பு லூபஸ் அளவுக்கு வலுவானதாக இல்லை. பார்ஃபிரியா என்பது ரத்தத்தின் சிவப்பு நிறப் பொருளைச் செய்கிற வழியில் வரும் கோளாறு; எதிர்ப்பு சக்திக்கு அதில் வேலையில்லை. முகத்து மங்கு வெயிலில் கருமை கூடும், ஆனால் அது தடிப்போ அழற்சியோ அல்ல. ஆகவே வெயில் பட்டு அரித்தது என்பதற்காக நேராக லேபுக்கு ஓடிவர வேண்டாம். முதலில் தோலுக்கு என்ன பெயர் என்று மருத்துவரிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் ஒரு கருவாட்டுக்கார அக்கா. தேவனாம்பட்டினம் பக்கம். நாற்பது வயதிருக்கும். ஒரு மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்தபோது நாள் முழுக்க மணலில் நின்றிருக்கிறார். அடுத்த இரண்டு நாளில் கன்னம் பழுத்துவிட்டது. புதுச்சேரிக்குப் போய்ப் பார்த்ததில் லூபஸ் என்று தெரிந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார், தலைக்குத் துணி சுற்றிக்கொண்டார், கன்னமும் அடங்கியது. மூன்று வருடம் ஓடியது. அப்புறம் அசதி. கூடையைத் தூக்க முடியவில்லை. உடம்பு வலி, முடி கொத்துக்கொத்தாக வந்தது, மலச்சிக்கல். வீட்டில் எல்லாரும் "எல்லாம் அந்த வியாதிதான், வெயில்ல போகாதே" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வது? லூபஸிலும் அசதி வரும், மூட்டு வலிக்கும், முடி கொட்டும்.

அவர் எங்களிடம் வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சித்திரை மாதம். லேபில் இருந்த அத்தனை பேரும் விசிறிக்கொண்டிருந்தோம். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாப்பா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன், குளுருது" என்றார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவி விற்றவருக்குக் குரல் கட்டையாகி, பாதியில் உடைந்தது. கையைப் பிடித்தேன்; சில்லென்று, சொரசொரவென்று இருந்தது. புருவத்தின் வெளி ஓரத்தில் முடியே இல்லை, கண் இமை உப்பியிருந்தது. தைராய்டு குறைந்தால் உடம்பின் ஓட்டம் மந்தமாகிச் சூடு குறையும், தோல் வறளும், குரல் தடிக்கும். கன்னத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தேன். அது அரை மணி நேரம் உறைந்து, சுழலும் இயந்திரத்தில் பத்து நிமிடம் சுற்றியதும், அடியில் சிவப்பும் நடுவில் ஜெல்லும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீருமாகப் பிரியும். அந்தத் தெளிந்த நீரில்தான் டி.எஸ்.எச். அளக்கிறோம். வந்த எண் 62. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். மாறவில்லை. அந்தக் குரல் எத்தனை மாதமாகக் கத்திக்கொண்டிருந்ததோ.

லூபஸோ வெண்புள்ளியோ இருப்பவர்கள் தங்களுக்கு வரும் எல்லா அசதியையும் அந்தத் தோல் நோயின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்கிறேன். தைராய்டு குறைவு மாத்திரையால் சரிசெய்யக்கூடியது. தெரியாமல் சுமந்துகொண்டு திரிய வேண்டிய அவசியமே இல்லை.

நோய் தெரிந்தவுடன் ஒரு தடவை டி.எஸ்.எச். பார்த்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கூடவே தைராய்டுக்கு எதிரான ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொல்லலாம். அது இருந்து டி.எஸ்.எச். சரியாக இருந்தால் மாத்திரை தேவைப்படாது. ஆனால் வருங்காலத்தில் தைராய்டு குறைய வாய்ப்பு உண்டு என்பதால் வருடத்துக்கொரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் காத்திருக்காமல் முன்னதாகவே பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி, புழுவெட்டு, சின்ன வயதிலேயே இன்சுலின் போடுகிற சர்க்கரை இருக்கிறதா என்று அம்மாவையும் அத்தையையும் கேட்டுக்கொண்டு போங்கள். இவை ஒரே வீட்டில் சுற்றிவருகிற நோய்கள்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எதற்கோ ஏ.என்.ஏ. பரிசோதனை (உட்கருப் பொருள்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது) செய்து பாசிட்டிவ் வந்துவிடும். இணையத்தில் தேடினால் லூபஸ் என்று வரும். அழுதுகொண்டே போன் செய்வார்கள். ஹஷிமோட்டோ உள்ள பலருக்கு லூபஸ் இல்லாமலேயே ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரும். தோல், மூட்டு, சிறுநீரகம் எதிலும் அறிகுறி இல்லாதபோது அந்த ஒரு காகிதத்தை வைத்து லூபஸ் என்று முடிவு கட்ட முடியாது.

தோல், தைராய்டு இரண்டையும் ஒரே மாத்திரை கெடுப்பதும் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குத் தரும் அமியோடரோன். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம். நமக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 150 மைக்ரோகிராம்தான். மாத்திரையிலிருந்து கொஞ்சம்தான் பிரிந்து உடலில் கலக்கிறது என்றாலும் அதுவே தேவையைவிடப் பல மடங்கு. அதனால் தைராய்டு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அதே மாத்திரை தோலை வெயிலுக்கு எரிய வைக்கும், நாளடைவில் முகத்தில் நீலச் சாம்பல் நிறம் படியவும் கூடும். வீட்டுப் பெரியவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டு "வெயில் தாங்கலை" என்றால் இரண்டு அர்த்தத்திலும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிர் காக்கிற மாத்திரை.

மாத்திரை விஷயத்தில் வெயிலை ஒதுக்கி வாழ்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் படாததால் வைட்டமின் டி குறையும். அதற்கு மருந்து தருவார்கள், எலும்புக்குக் கால்சியமும் தருவார்கள். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தும் சேரும். தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையோடு கால்சியமும் இரும்பும் குடலில் போய்ச் சந்தித்தால் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராது. மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "ஒழுங்காத்தான் சாப்பிடறேன், டி.எஸ்.எச். இறங்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. தைராக்சினை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. காபி நம் ஊரில் பல் தேய்த்தவுடன் வந்துவிடும், கஷ்டம்தான், ஆனாலும் காத்திருக்க வேண்டும். கால்சியம், இரும்பு நான்கு மணி நேரம் தள்ளி. மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று பழகிவிட்டால் மறக்காது. இன்னொன்று, தைராக்சினுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. ஸ்கூட்டர் டிக்கியிலும் ஜன்னல் ஓரத்திலும் டப்பாவை வைக்காதீர்கள்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் லேபில் கட்டாயம் சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற மாத்திரைகளில் அது 5, 10 மில்லிகிராம் என்று இருக்கும். பல இயந்திரங்களின் வேதிமுறையே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து எழுதுகிற அளவுக்கு அது போகலாம். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், டி4 உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும், அது நிலைப்பட நாளாகும். பத்து நாளில் வந்து பார்ப்பது காசுக்குக் கேடு.

உப்பைப் பற்றியும் கேட்பார்கள். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பில்தான் குழம்பு ருசிக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள், தைராய்டு நோயாளியும் வாங்கலாம். ஆனால் ஹஷிமோட்டோவில் தைராய்டு குறைவது அயோடின் பற்றாமல் அல்ல. ஆகவே கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று கூடுதலாக ஏற்றினால் கெடுதல்தான்.

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் தோல், நோயெதிர்ப்பியல், நாளமில்லாச் சுரப்பி என்று மூன்று துறையும் உண்டு. கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரு சின்ன யோசனை: பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள். காலையில் வடக்கே போகும்போது கடல் பக்கம், அதாவது வலப்பக்கம், வெயில். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது மேற்கு வலப்பக்கமாகிவிடும், மறுபடி அங்கேதான் வெயில். கண்ணாடியை இழுத்துவிட்டாலும் புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ. என்ற வகை உள்ளே வரும். இடப்பக்கம் கிடைக்காவிட்டால் முழுக்கை, குடை, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

கருவாட்டுக்கார அக்காவுக்குத் தைராக்சின் தொடங்கி எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 9க்கு வந்தது. அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அடுத்த தடவை 2.8. லூபஸ் மாத்திரை அப்படியே தொடர்கிறது, தலைத்துணியும். அது வேறு, இது வேறு. ஐப்பசியில் ஒரு நாள் நான் உள்ளே குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தெருமுனை வரை கேட்கிற குரலில் கூப்பிடுகிறார்: "பாப்பா! நெத்திலி கொண்டாந்திருக்கேன், பாத்திரம் எடுத்தா!"